எதிர்வீட்டு அத்தையின் இடுப்பு வலி

எங்கள் தெருவில் யாருக்காவது இடுப்பு பிடித்துக்கொண்டால் மருந்துக்கடைக்குப் போவதற்கு முன் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். நான் பிறக்கும்போது தலை வராமல் கால் முன்னால் வந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் இடது காலால் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. விடிந்ததும், நான் பல் தேய்ப்பதற்கு முன் வந்துவிட வேண்டும். வந்தவர் தலை உள்ளேயும் கால் வெளியேயுமாக வாசல்படியில் குப்புறப் படுத்துக்கொள்வார். அம்மா என்னை எழுப்பிக் கொண்டுவந்து தோளைப் பிடித்து நிறுத்துவாள். நான் இடது பாதத்தை அவர் இடுப்பில் வைத்து லேசாக அழுத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட வேண்டும். திரும்பிப் பார்த்தால் வலி என்னோடு வந்துவிடுமாம்.

விக்கிரமசிங்கபுரத்தில் இடுப்புகளுக்குப் பஞ்சமில்லை. மில்லில் நின்றபடியே நூல் பார்ப்பவர்களும், வீட்டில் தட்டை மடியில் வைத்துக் குனிந்தபடியே பீடி சுற்றுபவர்களும் உள்ள ஊர். என் அப்பா முதல் வகை, அம்மா இரண்டாவது. என் பாதத்தை நம்பி வந்தவர்களில் பலருக்கு வலி போனது. மிதிக்காமல் இருந்திருந்தாலும் அது போயிருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும். அப்போது தெரியாது. என் காலைப் பற்றி எனக்குப் பெருமை இருந்தது.

அந்தப் பெருமை பிறகு வேறு பக்கம் போய்விட்டது. அப்பா கையெழுத்து போடுவார், அவ்வளவுதான். அம்மாவுக்கு அதுவும் வராது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். கல்லூரிக்குப் போனதும், இனி யாரையும் மிதிக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டேன். படித்த பெண் வாசலில் நின்று ஆட்களை மிதித்துக்கொண்டிருப்பது எனக்குக் கூச்சமாக இருந்தது. எதிர்வீட்டு அத்தைக்கு மட்டும் ஒருமுறை விலக்குக் கொடுத்தேன். அவள் உறவில் அத்தை இல்லை. மில்லில் வேலை பார்ப்பவள், புருஷனை இழந்தவள். அம்மா சுற்றிய பீடியைக் கொடுக்கக் கடைக்குப் போகிற நாட்களில் எனக்குத் தலை பின்னி பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவள். ஒரு நாள் அவள் நிமிர முடியாமல் வந்து நின்றபோது மறுக்க முடியவில்லை. நான் கடைசியாக மிதித்தது அவளைத்தான். இது பின்னால் ஒரு சண்டைக்குக் காரணமானது.

பட்டப்படிப்பு முடிந்ததும் காவலர் தேர்வு எழுதினேன். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன். மீதமிருந்தது உடல் தகுதித் தேர்வு: ஓட்டம், நீளம் தாண்டுதல், பந்து எறிதல். ஓட்டம் எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே வரும். எங்கள் தெருவில் அரசாங்கச் சீருடை போட்ட ஒரு பெண்ணும் கிடையாது. அம்மா என்னைக் கேட்காமலே சீருடைக்குச் சட்டை அளவு எப்படி எடுப்பார்கள் என்று தையல்காரரிடம் விசாரித்துவிட்டு வந்தாள். நான் சிரித்தேன். ஆனால் கண்ணாடி முன் நிற்கும்போது எனக்கும் அந்தக் காக்கி தெரிந்தது.

ஓய்வுபெற்ற ராணுவக்காரர் ஒருவர் காலையில் பள்ளி மைதானத்தில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவரை மாஸ்டர் என்று கூப்பிடுவோம். மலை பக்கத்திலேயே இருப்பதால் மைதானத்தில் காலையில் குளிர் இருக்கும். எனக்கு வலி அங்கே ஓடும்போது வரவில்லை. அம்பாசமுத்திரத்திலிருந்து பஸ்ஸில் உட்கார்ந்து வந்தபோது வந்தது. இடது பக்கப் பிட்டத்தில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவது போல ஆரம்பித்தது. இறங்கும்போது அது தொடையின் பின்பக்கமாக இறங்கி, கெண்டைக்காலைத் தாண்டி, சுண்டுவிரல் வரை ஒரு கம்பி போல ஓடியது. தும்மினால் அந்தக் கம்பியில் மின்சாரம் பாய்ந்தது.

காலில் வலி என்றால் காலுக்குத்தான் வைத்தியம். அம்மா விளக்கெண்ணெய் சுடவைத்துக் கெண்டைக்காலைத் தேய்த்தாள். அப்பா மணலை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தார். நான் மருந்துக்கடையில் கால் பட்டை வாங்கிப் போட்டுக்கொண்டேன். கைப்பேசியில் தேடி, கெண்டைக்கால் தசையை நீட்டும் பயிற்சிகளைச் செய்தேன். நீட்ட நீட்ட வலி கூடியது. கூடினால் நல்லது, தசை இளகுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மாஸ்டர் என் காலை அமுக்கிப் பார்த்தார். "நரம்பு சுருண்டிருக்கு, பிள்ள. வேற ஒண்ணுமில்ல. ஓடுனா நீண்டுக்கிடும்" என்றார்.

"உக்காந்தா ரொம்ப வலிக்கி, மாஸ்டர்."

"அப்ப உக்காராத."

கூட ஓடிய பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டே வந்தேன்.

வலியை விட எனக்குப் பயம் தந்தது வேறொன்று. ஓட ஆரம்பிக்கும்போது இடது கால் தரையைத் தள்ளவில்லை. வலது கால் தள்ளும். இடது கால் சும்மா வந்து விழும். பாதத்தின் வெளி ஓரம், சுண்டுவிரலும் அதற்குக் கீழே உள்ள இடமும், மரத்துப்போயிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் நின்றால் பாதி மண்தான் பாதத்துக்குத் தெரிந்தது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஓட வேண்டாம் என்பார்கள்.

ஆனால் அம்மாவிடம் எதையும் மறைக்க முடியாது. ஒரு நாள் நான் வாசலில் கோலப்பொடி டப்பாவை மிதித்துக்கொண்டு நிற்பதே தெரியாமல் நின்றேன். அம்மா பார்த்துவிட்டாள். அவள் முகம் மாறியது. அன்று மாலை பீடித் தட்டை ஓரமாக வைத்துவிட்டு என் கையைப் பிடித்து எதிர்வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அத்தை வாளியில் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"மதினி, கோவப்படாதிய" என்று ஆரம்பித்தாள் அம்மா. "இவ கடைசியா மிதிச்சது ஒங்களத்தான். ஒங்க வலி இவ காலோட வந்துட்டு. நீங்களே திருப்பி வாங்கிக்கிடுங்க."

அத்தை துணியைப் பிழிந்தபடியே நிமிர்ந்து பார்த்தாள். "என்னது? வாங்கிக்கிடுததா? அது என்ன நான் ஒங்கிட்ட எரவல் குடுத்த குடமா, திருப்பி வாங்கிக்கிட?"

"வெளையாட்டில்ல மதினி. பிள்ள ஓட முடியாமக் கெடக்கா. அன்னைக்கு இவ திரும்பிப் பாத்திருக்கா."

"பாக்கலம்மா" என்றேன்.

"நீ சும்மா இரு."

அத்தை துணியைக் கொடியில் போட்டுவிட்டு, கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு வந்து நின்றாள். "நான் குடுத்தது இடுப்பு வலி. ஒம் மவளுக்கு வந்துருக்கது கால் வலி. இடுப்புல குடுத்தது காலுல எப்படி எறங்கும்? நியாயத்தச் சொல்லு." பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏளா, ஒனக்கு இடுப்பு வலிக்கா?"

"இல்ல அத்தை."

"கொஞ்சமாவது?"

"இல்ல அத்தை. ஒண்ணுமே இல்ல."

"கேட்டியா? இடுப்புல பொட்டு வலி கெடையாதாம். இது எனக்குள்ளது இல்ல. வேற எவ குடுத்தாளோ அங்கன போயிக் கேளு."

அம்மா என் கையை இழுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். இருவருமே மூடநம்பிக்கையில் வழக்காடுகிறார்கள் என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது. ஆனால் அத்தையின் வாதத்தை நானும் உள்ளுக்குள் ஒப்புக்கொண்டேன். இடுப்பில் வலியே இல்லாதபோது இடுப்புக்கும் இதற்கும் என்ன தொடர்பு? மாஸ்டர், மருந்துக்கடைக்காரர், அப்பா, நான், எல்லோரும் கெண்டைக்காலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

தேர்வுக்கான தேதியை அறிவித்துவிட்டார்கள். ஒரு காலையில் படுக்கையிலிருந்து எழும்போது என்னால் கால் ஊன்ற முடியவில்லை. அப்பா ஷிப்டுக்குப் போகவில்லை. அவரும் அம்மாவும் என்னைப் பாளையங்கோட்டைக்கு, பெரிய அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். பஸ்ஸில் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றேன். சேரன்மகாதேவியில் நிறையப் பேர் இறங்கி இடம் காலியானது. அப்பா உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. வெளியே வயல்களில் அறுப்பு முடிந்து தண்ணீர் நின்றது. அதில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

மருத்துவர் ஒரு பெண். எங்கே வலி என்று கேட்டார். நான் பாண்ட்டைச் சுருட்டிக் கெண்டைக்காலைக் காட்டினேன். அவர் அதைத் தொடவே இல்லை. "திரும்பி முதுகைக் காட்டும்மா" என்றார்.

"மேடம், வலி காலில்தான்."

"தெரியும். திரும்பு."

நான் சொன்னது அவர் காதில் விழவில்லை என்று நினைத்தேன். முதுகெலும்பின் மீது விரலால் இறங்கி இறங்கி அழுத்தினார். பிறகு மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் இடது காலைத் தூக்கினார். கட்டிலிலிருந்து கொஞ்சம்தான் தூக்கியிருப்பார். நான் கத்திவிட்டேன். ரப்பர் சுத்தியல் ஒன்றால் குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாரில் தட்டினார். வலது பாதம் துள்ளியது. இடது பாதம் தட்டத் தட்ட சும்மா இருந்தது. எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு, இடது காலில் மட்டும் நின்று குதிகாலை உயர்த்தச் சொன்னார். நான் உயர்த்தினேன். உயர்த்துவதாக நினைத்துக்கொண்டேன். குதிகால் தரையிலேயே இருந்தது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. இந்தக் காலைத்தான் ஊரே நம்பியிருந்தது.

ஸ்கேன் எடுத்துக்கொண்டு மறுபடி போனோம். முதுகெலும்புக் கட்டைகளுக்கு நடுவே மெத்தை போல ஒரு ஜவ்வு இருக்கிறது. கீழ் இடுப்பில் அது பிதுங்கி, காலுக்குப் போகும் நரம்பின் வேரை நசுக்குகிறது என்றார் மருத்துவர். அந்த நரம்பு பிட்டம் வழியாக இறங்கிப் பாதம் வரை போகிறது. நசுங்குவது மேலே என்றாலும் வலி நரம்பு போகும் வழியெல்லாம் தெரியும். சிலருக்கு இடுப்பில் வலியே இருக்காது.

"காலுக்கு ஒண்ணும் இல்லம்மா. கால் நல்லா இருக்கு" என்றார்.

இவ்வளவு நாள் எண்ணெயும் மணலும் பட்டையும் வாங்கிக்கொண்ட என் கால் நன்றாக இருந்தது. எனக்கு ஆறுதல் வரவில்லை.

எதனால் வந்தது என்று கேட்டேன். எதையாவது தூக்கினாயா, விழுந்தாயா என்று அவர் திருப்பிக் கேட்டார். மைதானத்தில் தாண்டுகிற குழியில் மணல் கரைந்துபோய் அடித்தரை தெரிந்தது நினைவுக்கு வந்தது. தண்ணீர்க் குடங்களும் நினைவுக்கு வந்தன. இரண்டையும் சொன்னேன். அவர் தலையசைத்தார். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார். அதற்கு மேல் ஒரு காரணமும் கொடுக்கவில்லை.

பெரும்பாலானவர்களுக்கு ஆபரேஷன் இல்லாமலே சரியாகிவிடும், ஆனால் மாதக்கணக்காகும் என்றார். மரத்துப்போவது பரவினாலோ, சிறுநீர் போவதில் மாற்றம் தெரிந்தாலோ அன்றைக்கே வந்துவிட வேண்டும் என்றும் சொன்னார். நான் தேர்வைப் பற்றிச் சொன்னேன். ஓடலாமா என்று கேட்டேன்.

"அந்தக் குதிகால் ஏற்கனவே எழும்பல. நீ ஓடினா அது எழும்பாமலே போயிடலாம். போகாமலும் இருக்கலாம். உறுதி சொல்ல என்னால முடியாது."

"அப்ப ஓடலாம்னு சொல்றீங்களா?"

"ஓடாதன்னு சொல்றேன். ஓடுறவ நீ."

வெளியே வந்து அப்பாவிடமும் அம்மாவிடமும் சொன்னேன். எனக்குத் தெரிந்த வார்த்தைகளில் ஜவ்வு, நரம்பு, வேர் என்று விளக்கினேன். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். அம்மா நடுவிலேயே நிறுத்தினாள்.

"அப்ப இது இடுப்பு வலியா?"

"இடுப்புலருந்து வருதும்மா."

"இடுப்பு வலிதான?"

"ஆமா."

அம்மாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. வழக்கில் ஜெயித்தவளின் முகம் அது. மகளின் கால் போய்க்கொண்டிருக்கிற நேரத்தில் அந்த வெளிச்சத்தைப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது. "நான் அன்னைக்கே சொன்னனா இல்லையா" என்று பஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள். இறங்கியதும் வீட்டுக்குள் போகவில்லை. நேராக எதிர்வீட்டுக்குப் போனாள்.

"மதினி! பெரிய டாக்டரே சொல்லிட்டாவ. படம் புடிச்சிப் பாத்து சொல்லிட்டாவ. இது கால் வலி இல்லியாம். இடுப்பு வலிதானாம். இப்ப என்ன சொல்லுதிய?"

நான் பின்னாலேயே ஓட முயன்று, முடியாமல், காலை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். அத்தை எதிர்வாதம் செய்யவில்லை. அவளிடம் எப்போதும் ஒரு நக்கல் தயாராக இருக்கும். அன்று இல்லை. தன் இடுப்பின் மேல் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நெசமாவாளா?"

"இடுப்புலருந்துதான் அத்தை. ஆனா ஒங்களுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அது வேற. ஜவ்வு பிதுங்குதது."

அவள் முதல் பாதியை மட்டும்தான் கேட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. "எனக்கு அன்னையிலருந்து இடுப்பு வலியே கெடையாது" என்றாள் மெதுவாக. பிறகு உள்ளே போய்விட்டாள். அம்மா அவள் வாசலிலேயே நின்றாள். அவள் ஜெயித்துவிட்டாள். ஜெயித்ததை வைத்துக்கொண்டு செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

தேர்வு நாளன்று அப்பாவோடு பாளையங்கோட்டை மைதானத்துக்குப் போனேன். சான்றிதழ்களைக் காட்டிவிட்டுத் திரும்பலாம் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தேன். அது பொய். ஓடுவதற்குத்தான் போனேன். மாத்திரை போட்டிருந்தேன். வலி கொஞ்சம் அடங்கியிருந்தது. உயரம் அளந்தார்கள். நேராக நிமிர்ந்து நின்றபோது கம்பி ஒருமுறை இழுத்தது, முகத்தில் காட்டவில்லை. உயரத்தில் தேறினேன். எண் போட்ட மேல்சட்டை கொடுத்தார்கள். என்னோடு நின்ற பெண்கள் கால்களை உதறிக்கொண்டிருந்தார்கள். சிலர் கண்ணை மூடிக் கும்பிட்டார்கள். ஒருத்தி சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். நான் யாருக்கும் தெரியாமல் இடது குதிகாலை உயர்த்திப் பார்த்தேன்.

விசில் அடித்ததும் ஓடினேன். நேர் பாதையில் நான் கடைசியில் இல்லை. அதைச் சொல்லிக்கொள்ள வேண்டும். வளைவு வந்தபோது இடது கால் தள்ள வேண்டிய இடத்தில் தள்ளவில்லை. பாதம் தட்டையாகப் போய் விழுந்தது. அடுத்த அடியில் மறுபடி. பிறகு பாதம் தரையில் பட்டதா என்பதே எனக்குத் தெரியவில்லை. குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அப்போது நின்றேன். யாரும் நிறுத்தவில்லை, நான் விழவும் இல்லை. நானாக நின்றேன். மற்றவர்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். அவர்களின் மூச்சுச் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது.

ஒரு பெண் காவலர் ஓடி வந்து, "என்னம்மா, காலா?" என்றார்.

"இல்ல மேடம். இடுப்பு."

அவர் என் காலைப் பார்த்தார். நான் அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். ஏதோ சாக்கு சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்.

அப்பா மைதானத்து வாசலில் தண்ணீர் பாட்டிலோடு நின்றார். என் நடையைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. "ஓடுனியா?" என்றார். தலையாட்டினேன். அவர் திட்டவில்லை. "பைய நட" என்றார். பாட்டிலைத் திறந்து என்னிடம் கொடுத்தார். அடுத்த தேர்வு எப்போது வரும், அதற்குள் குதிகால் எழும்புமா, வயது வரம்பு என்னவாகும் என்று வழி முழுக்க எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் அம்மா சோறு போட்டாள். அன்று அவள் பீடி சுற்றவில்லை. தட்டு சுவரில் சாய்த்தபடியே இருந்தது.

மறுநாள் விடிந்ததும் வாசலில் சத்தம் கேட்டது. அத்தை நின்றாள். மில்லில் இரவு ஷிப்டு முடிந்து நேராக வந்திருந்தாள். தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருந்தது.

"பல் தேச்சிட்டியா?" என்றாள்.

"இல்ல அத்தை."

"நல்லதாப் போச்சி." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசல்படியில் குப்புறப் படுத்துவிட்டாள். "மிதி. நான் குடுத்தத எடுத்துக்கிடுதேன்."

"அத்தை, எந்திரிங்க. அப்படியெல்லாம் ஒண்ணும் கெடையாது."

"ஒனக்குப் படிப்பு இருக்கு, நீ பேசுவ. எனக்குத் தூக்கம் வருது. சீக்கிரம் மிதி."

"வேண்டாம் அத்தை."

"இவ்வளவு நாளு வலி இல்லாம இருந்துட்டேன். போதும். மிதிளா."

அம்மா அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வந்து என் தோளைப் பிடிக்கவில்லை. பிடிக்கத் துணியவில்லை என்று நினைக்கிறேன். தரையில் கிடந்த அத்தையின் முதுகு ஒடுங்கியிருந்தது. இரவெல்லாம் நின்ற உடம்பு. எத்தனையோ வருஷமாக நின்ற உடம்பு. அதற்குள்ளும் ஜவ்வுகள் இருக்கும், நரம்பு வேர்கள் இருக்கும். அதைப் படம் எடுத்துப் பார்த்தவர்கள் யாரும் இல்லை.

சுவரைப் பிடித்துக்கொண்டு இடது பாதத்தைத் தூக்கி அவள் இடுப்பில் வைத்தேன். பாதத்தின் உள் ஓரத்தில் அவள் உடம்புச் சூடு தெரிந்தது. வெளி ஓரத்தில் ஒன்றும் தெரியவில்லை. பாதி அத்தைதான் என் காலுக்குக் கிடைத்தாள். லேசாக அழுத்திவிட்டு எடுத்தேன். திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனேன்.

வெளியே அவள் எழுந்திருக்கும் முனகல் கேட்டது. பிறகு சத்தமாக, "ஆத்தாடி! வந்துட்டு! சுண்டுவெரலு வரைக்கும் இழுக்கு! கேட்டியா, வாங்கிக்கிட்டேன், பாத்துக்கோ!" என்றாள்.

நான் சன்னல் வழியாகப் பார்த்தேன். அத்தை தெருவைக் கடந்து போய்க்கொண்டிருந்தாள். காலை இழுத்து இழுத்து, தன் வீட்டு வாசல் வரை நொண்டிக்கொண்டே போனாள். வலது காலை இழுத்தாள். எனக்கு வலி இடது காலில்.

"எப்படி இருக்குளா?" என்று அம்மா பின்னாலிருந்து கேட்டாள்.

நான் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இடது குதிகாலை உயர்த்தினேன். அது தரையிலேயே இருந்தது. அம்மா என் முகத்தைப் பார்க்காதபடி தெருவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.